காட்டுப்பூனை பார்த்த டெல்பர்ட்

டெல்பர்ட் ஹேம்பியின் சாய்வு நாற்காலி முதுகில் ஒரு திங்கட்கிழமை காலையில் மஞ்சள் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டுமானால் எழுந்திருக்க வேண்டும். காபி குடித்தார், ரேடியோவில் கோதுமை நிலவரம் கேட்டார், காலைத் தூக்கத்தின் முதல் பாகத்தை முடித்தார். பதினொரு மணிக்குச் சோம்பல் முறித்தபோதுதான் தோளுக்குப் பின்னால் ஏதோ சரசரத்தது. கையை வளைத்துப் பிய்த்தெடுத்துப் படித்தார். 'தேவாலயப் பழைய சாமான் விற்பனைக்கு. டிசம்பர் முதல் சனிக்கிழமை' என்று எழுதியிருந்தது.

"வெர்னா, இதுல யாரோ சீட்டு ஒட்டியிருக்காங்க."

"யாரோ இல்ல, நான்தான்" என்று சமையலறையிலிருந்து மனைவியின் பதில் வந்தது.

"இது என் நாற்காலி."

"நீ எழுந்தாத்தானே அது நாற்காலின்னே தெரியுது."

டெக்சஸ் மாநிலத்தின் தலைப்பக்கம், தட்டையான கோதுமை நிலத்துக்கு நடுவே இருக்கும் டோலிவர் ஊரில் முப்பத்தாறு வருஷம் தானியக் கிடங்கில் வேலை பார்த்தவர் டெல்பர்ட். ஓய்வு பெற்ற அன்று சாயங்காலம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்று வருஷம் ஓடிவிட்டது. நடுவில் எழுந்திருக்கவே இல்லை என்று சொன்னால் அது அபாண்டம். சாப்பிட எழுந்திருப்பார், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு எழுந்திருப்பார், அமெரிக்கக் கால்பந்தில் நடுவர் தப்பாக விசில் ஊதினால் பாதி எழுந்திருப்பார். நாற்காலியின் பக்கத்தில் ஒரு நெம்புகோல் உண்டு. இழுத்தால் கால் மேலே வரும், தலை கீழே சாயும், உலகம் மறைந்துவிடும். இப்படி ஒரு கருவியைக் கண்டுபிடித்த பிறகு மனித குலம் வேறு எதையும் கண்டுபிடித்திருக்க வேண்டியதில்லை என்பது அவருடைய கருத்து.

அவர் சமையலறை வாசலில் போய் நின்றார். வெர்னா மர நாற்காலியில் உட்கார்ந்து, வலது காலைக் கவிழ்த்த வாளி ஒன்றின் மேல் நீட்டிக்கொண்டு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். பிப்ரவரியில் அந்தக் காலுக்குப் புது முழங்கால் வைத்திருந்தார்கள். காலை உயரமாகத் தூக்கி வைக்கச் சொல்லி மருத்துவர் உத்தரவு. உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தியை ஆட்டி ஆட்டி வெர்னா வழக்கைச் சொன்னாள். போன மாதம் டெல்பர்ட்டின் ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தது. நடக்கிறீர்களா, ஊசி போட்டுக்கொள்கிறீர்களா என்று மருத்துவர் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தவர் ஐந்து வாரமாக நாற்காலியில் சாய்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறார்.

"ஒன்பது மைல்ல பள்ளத்தாக்குப் பூங்கா இருக்கு" என்றாள் வெர்னா. "ஜெர்மனியிலேர்ந்தெல்லாம் வந்து நடந்துட்டுப் போறாங்க. இங்கேயே பொறந்து வளந்த நீ, கார் நிறுத்தற இடத்தைத் தாண்டி ஒரு அடி வெச்சிருக்கியா?"

"மேலேருந்து பாத்தேனே. பெரிய பள்ளம். அதுல புதுசா என்ன இருக்கப் போவுது?"

"அஞ்சு பாதை இருக்கு. நவம்பர் கடைசி வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் பண்டிகை, அதுக்குள்ள அஞ்சையும் நடந்து முடி, சீட்டைக் கிழிச்சுடறேன். இல்லேன்னா நாற்காலி தேவாலயத்துக்குப் போயிடும். அப்புறம் அதுல யார் உட்காந்தாலும் நீ கேக்க முடியாது."

டெல்பர்ட்டின் மனக்கண்ணில் வேறு சபையைச் சேர்ந்த யாரோ ஒரு மெதடிஸ்ட்காரன் தன் நெம்புகோலை இழுத்தான். ஆனாலும் முப்பத்தாறு வருஷம் தானியம் எடை போட்ட மனிதர் அல்லவா, ஒரு சந்தேகத்தைக் கேட்டு வைத்தார்.

"நான் நடந்தேன்னு உனக்கு எப்படித் தெரியும்? நீயோ இந்தக் காலோட வர முடியாது."

"பாதை ஆரம்பத்துல ஒரு இரும்புப் பெட்டி இருக்குமாம். உள்ள நோட்டு. பேரு, போன நேரம், வந்த நேரம் எல்லாம் எழுதணுமாம். அதுல எழுதிட்டு வா, போதும். உன்னை நம்பாம நான் வேற யாரை நம்பறது?"

நாற்பத்தொரு வருஷத் தாம்பத்தியத்தில் வெர்னா இந்த வாக்கியத்தைச் சொன்னது இதுதான் முதல் தடவை. புத்தியுள்ள மனிதன் அங்கேயே உஷாராகியிருப்பான். டெல்பர்ட் உஷாராகவில்லை. சீட்டை மனைவியிடம் கொடுத்தார். அவள் அதை நாற்காலியின் கைப்பிடியில், அவர் கண்ணில் படும் இடமாகப் பார்த்துத் திரும்ப ஒட்டினாள். அவர் அதற்குப் பக்கத்திலேயே கையை வைத்துக்கொண்டு திட்டம் போட்டார்.

திட்டம் எளிமையானது. செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குப் பூங்கா வாசலில் பிக்கப் வண்டி நின்றது. வாசல் அறையில் இருந்த பூங்காக் காவலர் ரோசல்பா, காக்கித் தொப்பியைத் தூக்கிக்கொண்டு, எந்தப் பாதை, எவ்வளவு தண்ணீர் கொண்டு வந்திருக்கிறீர்கள் என்று விசாரித்தாள். முதல் பாதை, சுனைப் பாதை, தண்ணீர் நிறைய இருக்கிறது என்றார். இருந்தது ஒரு ஃபிளாஸ்க் காபி. அதோடு பெட்ரோல் பங்கில் வாங்கிய, முட்டையும் சாசேஜும் வைத்துச் சுருட்டிய இரண்டு பரிட்டோ. கீழே இறங்கும் சாலையில் போய், காட்டன்வுட் மர நிழலில் வண்டியை நிறுத்தி, இருக்கையைச் சாய்த்தார். நாற்காலி அளவுக்கு வராது, ஆனாலும் ஆபத்துக்குத் தேவலாம். பரிட்டோ இரண்டும் உள்ளே போயின. பத்தரை வரை தூங்கினார்.

எழுந்து, ரேடியேட்டருக்கு வைத்திருந்த தண்ணீரைச் செம்மண்ணில் ஊற்றிக் குழைத்து, பூட்ஸ் மேல் தாராளமாகப் பூசினார். கால்சட்டையிலும் இரண்டு தெறிப்பு. பிறகு இரும்புப் பெட்டியைத் திறந்தார். உள்ளே நோட்டும் நூலில் கட்டிய பென்சிலும் இருந்தன. டெல்பர்ட் ஹேம்பி, சுனைப் பாதை, போனது எட்டேகால், வந்தது பதினொன்று. கடைசிக் கட்டத்தில் 'கண்டது' என்று போட்டிருந்தது. சும்மா விட்டிருக்கலாம். மற்றவர்கள் பலர் சும்மாதான் விட்டிருந்தார்கள். ஆனால் பொய் சொல்ல உட்கார்ந்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. கேட்காததையும் சேர்த்துச் சொல்வான். டெல்பர்ட் பென்சிலை நாக்கில் தொட்டு, 'காட்டுப்பூனை ஒன்று' என்று எழுதினார்.

வீட்டில் வெர்னா பூட்ஸைப் பார்த்தாள். கழற்றி வைத்தபோது ஒன்றைத் தூக்கி அடிப்பக்கத்தையும் பார்த்தாள். மேலே முழுக்கச் சேறு, அடியிலோ வண்டி மிதியடியின் தூசி மட்டும். நன்றாக நடந்தாயா என்று கேட்டு, சாலட்டும் பீன்ஸும் வைத்தாள். நாற்காலியில் சாய்ந்தபோது டெல்பர்ட்டுக்குத் தன் மேலேயே மரியாதை வந்தது.

அந்த வாரம் வியாழக்கிழமை வெர்னா வழக்கம்போல் தேவாலயத்தில் துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் ஒட்டுப்போர்வைக் கூட்டத்துக்குப் போனாள். மே மாதத்திலிருந்து ஒரு வியாழன் தவறாமல் போய்வருகிறாள். ஐந்து மாதத்தில் ஒட்டுப்போர்வை என்ன, ஒரு தலையணை உறைகூட வீட்டுக்கு வந்ததில்லை. ஏன் என்று டெல்பர்ட் கேட்டதில்லை. எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழக்கம் அவருக்குக் கிடையாது.

அடுத்த செவ்வாய்க்கிழமை, தூக்கத்துக்கு முன்பே கையெழுத்தைப் போட்டுவிடலாம் என்று பெட்டியைத் திறந்தார். போன வாரத்து வரிக்குக் கீழே, அச்சடித்த மாதிரி பெரிய எழுத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். 'பூனை எந்தப் பக்கம்? சுனைக்கு முன்பா, சுனையைத் தாண்டியா? - சக நடைப்பயணி.'

டெல்பர்ட் சுற்றுமுற்றும் பார்த்தார். ஒரு பல்லி மட்டும் இருந்தது. சுனை என்று பாதைக்குப் பெயர் வைத்திருப்பதால் சுனை ஒன்று இருக்க வேண்டும் என்பது வரை அவருக்குப் புரிந்தது. 'தாண்டி' என்று எழுதிவிட்டு, இரண்டாவது பாதையையும் முடித்ததாகப் பதிவு செய்து, வண்டிக்குப் போய்ப் படுத்தார். தூக்கம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

மூன்றாவது வாரம் பதில் காத்திருந்தது. 'சுனையைத் தாண்டினால் இருநூறு அடிக்குச் செங்குத்துச் சுவர். உங்கள் பூனைக்கு இறக்கை இருந்திருக்க வேண்டும். போகட்டும். சுனைக்கு மேலே சுவரில் ஒரு பொந்து. அதற்குள் இருப்பது என்ன? போனவர்கள் எல்லாருக்கும் தெரியும்.'

டெல்பர்ட்டுக்குக் காது சிவந்தது. யாருடா இவன், எனக்குப் பரீட்சை வைக்கிறவன் என்று பொருமினார். வண்டிக்குப் போனார். பரிட்டோவைப் பிரித்தார். ஒரு கடி கடித்தார். பொந்துக்குள் என்ன இருக்கும்? ஆந்தைக் கூடா? எலும்பா? இன்னொரு கடி கடித்தார். போனவர்கள் எல்லாருக்கும் தெரியுமாம். ஜெர்மன்காரனுக்கெல்லாம் தெரிந்திருக்கும். இந்த மண்ணிலே பிறந்த டெல்பர்ட் ஹேம்பிக்குத் தெரியாதா? பாதி பரிட்டோவைச் சுருட்டி வைத்துவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு வாசல் அறைக்கே போனார்.

"ரோசல்பா, அந்தச் சுனைக்கு மேல ஒரு பொந்து இருக்காமே. அதுல என்ன?"

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடி நீங்கதானே அங்க போனீங்க, மிஸ்டர் ஹேம்பி?"

"போனேன். அன்னிக்கு... வெயில் கண்ணுல அடிச்சுது."

"அந்தச் சுவரு எப்பவும் நிழல்தான்" என்றாள் ரோசல்பா, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். "போய்ப் பாருங்களேன். முக்கால் மைல்தான்."

முக்கால் மைல். தானியக் கிடங்கில் அவர் ஒரு நாளைக்கு இதைப் பத்து தடவை நடந்தவர். அது மூன்று வருஷத்துக்கு முன்பு. இப்போது இருநூறு அடியில் மூச்சு வாங்கியது. நானூறு அடியில் கடவுளைக் கூப்பிட்டார், அறுநூறில் மருத்துவரைத் திட்டினார். பாதை சிவப்புச் சுவர்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போயிற்று. ஒவ்வொரு வளைவுக்கும் திரும்பிவிடலாம் என்று நினைத்தார். ஒவ்வொரு வளைவிலும் அடுத்த வளைவு கொஞ்சம் தலையை நீட்டியது. கடைசியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. சுவரில் பாசி. அதற்கு மேலே ஒரு முழ உயரத்தில் பொந்து. டெல்பர்ட் நுனிக்காலில் நின்று எட்டிப் பார்த்தார்.

ஒரு கோப்பை இருந்தது. பழைய காலத்து மாடு மேய்ப்பவர்கள் வைத்திருக்கும் நீல எனாமல் கோப்பை. பிடியில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. பாறையிலிருந்து சொட்டும் நீர் அதில் நிரம்பி, விளிம்பு வழிந்து, கீழே சுனையில் விழுந்துகொண்டிருந்தது. யார் வைத்தது, எப்போது வைத்தது, இத்தனை வெள்ளத்திலும் எப்படி அங்கேயே நிற்கிறது? டெல்பர்ட் கால் மணி நேரம் அங்கேயே நின்றார். பல வருஷங்களுக்குப் பிறகு அவருக்கு ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

திரும்பி வந்து நோட்டில் அழுத்தி எழுதினார். 'கோப்பை. நீலம். பிடியில் சில்லு பெயர்ந்தது.' பக்கத்தில் இரண்டு கோடும் இழுத்தார். அன்று அவர் பூட்ஸில் சேறு பூசவில்லை. மறந்துவிட்டார்.

நான்காவது வாரம் நோட்டில் பாராட்டு எதுவும் இல்லை. 'சரி. இரண்டாவதான ஆட்டுப்படிப் பாதையில் தரையைத் தொடாத தூண் ஒன்று உண்டு. எத்தனையாவது தூண்?' என்று மட்டும் இருந்தது. தரையைத் தொடாத தூண் எப்படி நிற்கும் என்று டெல்பர்ட் ஒரு நிமிஷம்தான் யோசித்தார். பரிட்டோவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே நடந்துவிட்டார். இரண்டு மைல் தள்ளி, பழைய பண்ணை வேலி ஒன்று ஓடையைக் குறுக்கே கடந்தது. வெள்ளம் அடியில் இருந்த மண்ணை அரித்துக்கொண்டு போயிருந்தது. இரண்டு பக்கத்து முள்கம்பி தாங்கிப் பிடிக்க, நடுவில் ஒரு தூண் காற்றில் தொங்கியது. தொட்டால் ஆடியது. டெல்பர்ட் கரையிலிருந்து எண்ணினார். ஏழாவது. சந்தேகத்துக்கு மறு கரையிலிருந்தும் எண்ணினார். அங்கிருந்து எண்ணினால் ஐந்தாவது. இரண்டையும் எழுதினார்.

அன்று சாயங்காலம் வெர்னாவுக்குத் தூண் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார மறந்து சமையலறையில் நின்றுகொண்டே சொன்னார். கையை விரித்து, முள்கம்பியாக நடித்தும் காட்டினார். வெர்னா வாளி மேல் காலை நீட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நோட்டுல கேள்வி எழுதறவன் சாதாரண ஆளு இல்ல வெர்னா. வாத்தியாரா இருந்து ஓய்வு பெற்றிருப்பான். மண்ணு, பாறை எல்லாம் படிச்சவன்."

"ஆம்பளைதான்னு எப்படிச் சொல்ற?"

"பொம்பளைங்களுக்கு இவ்வளவு நுணுக்கம் வராது."

வெர்னா சட்டென்று பாத்திரத் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. வெங்காயம்தான் என்றாள். அன்று வெங்காயம் நறுக்கவே இல்லை. அதையும் டெல்பர்ட் கவனிக்கவில்லை.

அக்டோபரில் மூன்றாவது பாதை. அங்கே சிவப்புச் சுவரில் வெள்ளை வரிகள் நரம்பு போல ஓடும். 'வெள்ளை வரியை நகத்தால் கீறினால் என்ன ஆகும்?' என்பது கேள்வி. கீறினார். கல்லில் நகம் கோடு போட்டது. கல் நகத்துக்கு மசியும் என்று அறுபத்து நான்கு வயதில் தெரிந்துகொண்டார். அன்று இரவுச் சாப்பாட்டில் வீட்டுச் சுவர், தட்டு, மேஜை, வெர்னாவின் மோதிரக் கல் எல்லாவற்றையும் நகத்தால் கீறிப் பார்த்தார். கேள்விகளை ஒரு சிறிய நோட்டில் எழுதி வைக்க ஆரம்பித்தார். மேஜை மேல் பூங்கா வரைபடம் விரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கால்பந்து ஆட்டம் பாதியில் இருக்க, நரி எப்போது இரை தேடும் என்று படிக்கப் போய்விட்டார். அப்போதெல்லாம் நாற்காலி காலியாகத்தான் கிடந்தது.

நவம்பரில் நான்காவது பாதை, கழுகுத் திட்டு. 'உச்சியில் நின்று ஊர்ப் பக்கம் பாருங்கள். தெரிவது என்ன?' ஊர் ஒன்பது மைல் தள்ளி இருக்கிறது, என்ன தெரியப் போகிறது என்று முணுமுணுத்தபடி ஏறினார். கடைசி ஐம்பது அடி கையையும் ஊன்றி ஏற வேண்டியிருந்தது. உச்சியில் நின்று பார்த்தார். பள்ளத்தாக்கின் விளிம்பைத் தாண்டி, தட்டையான நிலத்தில், வானத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லாத இடத்தில், வெள்ளையாக ஒன்று நின்றது. அவருடைய தானியக் கிடங்கு. முப்பத்தாறு வருஷம் அதற்குள்ளேயே இருந்தவர். இத்தனை தூரத்திலிருந்து அது இவ்வளவு அழகாகத் தெரியும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கீழே வந்து, 'நான் வேலை பார்த்த இடம்' என்று எழுதினார். இந்த வாத்தியாருக்கு அது எப்படித் தெரிந்தது என்ற சந்தேகம் திரும்பும் வழியில் ஒரு தடவை எட்டிப் பார்த்தது. பசித்ததால் மறைந்துவிட்டது.

தேங்க்ஸ்கிவிங்குக்கு இரண்டு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை, கடைசிப் பாதை பாக்கி இருந்தது. கடைக்கோடிப் பாதை. போக மூன்றரை மைல், வர மூன்றரை மைல். ஆகஸ்டு மாதத்து டெல்பர்ட்டிடம் இதைச் சொல்லியிருந்தால், நாற்காலியை எடுத்துக்கொண்டு போங்கள் என்று கையெழுத்துப் போட்டிருப்பார். நோட்டில் கடைசிக் கேள்வி இருந்தது. 'பாதை முடியும் இடத்தில் ஒரு பெஞ்சு. அடியில் தகரப் பெட்டி. வந்து சேர்ந்தவர்கள் மட்டும் பெயர் எழுதும் நோட்டு அதில் இருக்கிறது. ஜூன் மாதத்தைத் திறந்து பாருங்கள். நான் யாரென்று தெரியும்.'

டெல்பர்ட் நடக்கவில்லை, ஏறக்குறைய ஓடினார். வழி முழுக்க வாத்தியாரைக் கற்பனை செய்தார். வெள்ளைத் தாடி இருக்கும், தோல் பை இருக்கும். பார்த்தால் கை குலுக்கி, அந்தக் கோப்பையை வைத்தது யார் என்று கேட்க வேண்டும். ஓடையை நான்கு தடவை தாண்டினார். மதியத்துக்கு முன்பே பாதை ஒரு சுவரில் முட்டி நின்றது. பெஞ்சு இருந்தது. அடியில் தகரப் பெட்டியும் இருந்தது. ஜூன் மாதத்தைத் திறந்தார்.

'வெர்னா ஹேம்பி. புது முழங்கால். மெதுவாக வந்தேன். மூணு மணி நேரம்.'

அச்சடித்த மாதிரி பெரிய எழுத்து. தேதியைப் பார்த்தார். வியாழக்கிழமை. பக்கத்தைப் புரட்டினார். இன்னொரு வியாழன், இரண்டரை மணி நேரம். ஆகஸ்டில் இரண்டு மணி. அக்டோபரில் ஒன்றேமுக்கால், கூடவே 'முழங்கால் சத்தம் போடவில்லை' என்று ஒரு குறிப்பு. போன வாரத்துப் பக்கத்தில் அவருக்கென்றே ஒரு வரி இருந்தது. 'டெல்பர்ட், வந்துட்டியா? அந்தப் பூனைக்கு எந்தக் காலத்திலும் இறக்கை இல்லை.'

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முதலில் கோபம் வந்தது. அது தங்கவில்லை. வெட்கம் வந்தது, அது கொஞ்ச நேரம் தங்கியது. ஒட்டுப்போர்வை என்று போன அந்த வியாழக்கிழமைகளை எண்ணிப் பார்த்தார். ஓடையை நான்கு தடவை, அந்தக் காலோடு, தன்னந்தனியாக. பெருமையாக இருந்தது. அவளைப் பற்றி அப்படி நினைத்து எத்தனை வருஷம் ஆகிவிட்டது என்று யோசித்தபோது கண் கலங்கியது. பென்சிலை எடுத்து அவள் பெயருக்குக் கீழே எழுதினார். 'டெல்பர்ட் ஹேம்பி. வந்தேன். பூனை எதையும் பார்க்கவில்லை.'

திரும்பும்போது வாசலில் ரோசல்பா கை காட்டி நிறுத்தினாள். பார்த்தீர்களா என்றாள். உனக்கும் தெரியுமா என்றார் டெல்பர்ட்.

"முதல் நாளே தெரியும். நீங்க விட்ட குறட்டை பள்ளத்தாக்கு முழுக்க எதிரொலிச்சுது, மிஸ்டர் ஹேம்பி. ரெண்டு பேர் கரடின்னு சொல்லிட்டு ஓடி வந்தாங்க."

ஆனால் ஒன்பது மைல் வண்டி ஓட்டுவதற்குள் டெல்பர்ட்டுக்குத் தெம்பு திரும்பிவிட்டது. ஏமாந்தது உண்மை. ஆனால் ஒப்பந்தம் என்ன? ஐந்து பாதை. முடித்தாயிற்று. அதுவும் நிஜமாகவே. யோசித்துப் பார்த்தால் ஜெயித்தது அவர்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் தொப்பியை வீசி எறிந்தார். சமையலறையில் வெர்னா வியாழக்கிழமைப் பண்டிகைக்கு மாவு உருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஜூன் மாசத்தைப் பாத்தேன்" என்றார்.

"பாத்தியா?"

"ஒண்ணேமுக்கால் மணி நேரம் எப்படி? எனக்கே ரெண்டு ஆச்சு."

"நான் வழியில தூங்கறதில்ல."

"சரி, நான் உன்னை ஏமாத்தினேன். நீ என்னை ஏமாத்தின. கணக்கு நேர். ஆனா அஞ்சு பாதையும் நடந்தாச்சு. சீட்டைக் கிழி."

வெர்னா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மஞ்சள் சீட்டைப் பிய்த்து நாலாகக் கிழித்துப் போட்டாள். இவ்வளவு சுலபமாக முடியும் என்று டெல்பர்ட் எதிர்பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். நெம்புகோலை இழுத்தார். கால் மேலே வந்தது, தலை சாய்ந்தது. ஏழு மைல் நடந்த கால்கள் ஆனந்தக் கண்ணீர் வடித்தன.

"ஒரே ஒரு கேள்வி பாக்கி இருக்கு டெல்பர்ட்" என்றாள் வெர்னா, சமையலறை வாசலில் சாய்ந்து நின்றுகொண்டு. "நோட்டுல எழுத இடம் இல்ல."

"கேளு. பள்ளத்தாக்குல எனக்குத் தெரியாதது இனிமே ஒண்ணும் கிடையாது."

"பள்ளத்தாக்குல இல்ல, இங்க. பிப்ரவரியிலேர்ந்து நேத்து வரைக்கும் தினமும் நான் ஒரு வாளி மேல காலைத் தூக்கி வெச்சேனே, அந்த வாளி என்ன நிறம்?"

டெல்பர்ட் வாயைத் திறந்தார். நீலம் என்று சொல்லப் போனார். அது கோப்பை. சிவப்பா? வெள்ளையா? ஒன்பது மாதம் தினமும் பார்த்த வாளி. முக்கால் மைல் தள்ளி, பொந்துக்குள் இருக்கும் கோப்பையின் பிடியில் எந்த இடத்தில் சில்லு பெயர்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். இந்த வாளியைக் கண்ணை மூடிக் கொண்டுவரப் பார்த்தார். கால் தெரிந்தது, வாளி தெரியவில்லை.

பழைய டெல்பர்ட்டாக இருந்தால், எந்த நிறமாக இருந்தால் என்ன என்று கண்ணை மூடியிருப்பார். இந்த மூன்று மாதத்தில் அந்த டெல்பர்ட்டைக் கெடுத்துவிட்டார்கள். தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு இப்போது அவரால் சாய்ந்திருக்க முடியவில்லை. இரு, சொல்லாதே என்று கையைக் காட்டிவிட்டு, நெம்புகோலைத் தள்ளி எழுந்தார். சமையலறையில் தேடினார். தொட்டிக்கு அடியில் இல்லை. பின்கட்டுக் கதவுக்கு வெளியே கவிழ்ந்து கிடந்தது.

பச்சை. அடிப்பாகத்தில், குதிகால் பட்டுப் பட்டுச் சாயம் தேய்ந்து, ஓர் இடம் வெளுத்திருந்தது. டெல்பர்ட் குனிந்து அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். காலை உயரமாகத் தூக்கி வைக்க வீட்டில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதில் ஒன்பது மாதமாக யார் படுத்திருந்தார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நிஜமாகவே நினைத்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

நாற்காலியில் வெர்னா இருந்தாள். நெம்புகோல் இழுத்தாயிற்று. புது முழங்கால் உயரமாக, வசதியாக, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பச்சை" என்றார் டெல்பர்ட்.

"சரியான பதில்" என்றாள் வெர்னா, கண்ணைத் திறக்காமல். "கவுத்துப் போட்டு உக்காரு."